ரீஸ்டார்ட் செய்யாமல் விட்ட சர்வர்

கொரோனா சமயத்தில் எங்கள் கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. நான் சென்னை அறையைக் காலி செய்துவிட்டுக் கச்சிராயபாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. ஒரு நாள் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். என் அண்ணன் விடிந்ததுமே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் காலை ஷிஃப்ட். நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாவட்டங்களில் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, எப்படிச் சுற்றிப் போனால் ஆஸ்பத்திரியை அடையலாம் என்று டிரைவரின் போனுக்கு அது சொல்லும். அதை ஓட்டுகிற சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அன்று காலையிலிருந்தே சர்வரின் மெமரி ஏறிக்கொண்டே போனது. சாதாரண நாட்களில் எப்போதாவது ஒரு சாலை அடைபட்டதாகச் செய்தி வரும். அன்று எல்லா டிரைவர்களும் மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே மறியல், அங்கே மரம் கிடக்கிறது, இங்கே விட்டுவிட்டார்கள், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு செய்திக்கும் சர்வர் எல்லா வழிகளையும் புதிதாகக் கணக்குப் போட்டது. திரையில் மெமரியைக் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளாகி, நான் இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் சிவப்பைத் தொட்டிருந்தது. மெமரி முழுதாகத் தீர்ந்தால் சிஸ்டமே அந்தப் புரோகிராமைக் கொன்றுவிடும்.

சென்னையிலிருந்த எங்கள் டீம் லீடருக்கு போன் போட்டேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிடும்மா. கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடும். என்ன இப்போ?" என்றார்.

"சார், டிரைவருங்க அனுப்பின ரோடு பிளாக் எல்லாம் மெமரியிலதான் இருக்கு. எங்கயும் சேவ் ஆகல. ரீஸ்டார்ட் பண்ணா மொத்தமும் போயிடும்."

"திரும்ப அனுப்பட்டுமே."

"மலையில இருக்கறவங்களுக்கு சிக்னல் இல்ல சார்."

மேப்பில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வண்டியின் புள்ளியைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி மலைப்பாதை வளைவுகளில் இருந்ததால் சிக்னல் இல்லை. புள்ளி கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே சாம்பல் நிறத்தில் நின்றது. அடிவாரத்துக்கு வந்ததும் டிரைவரின் போன் சர்வரிடம் வழி கேட்கும். அப்போது சர்வருக்குச் சாலைகளின் நிலவரம் மறந்துபோயிருந்தால், கள்ளக்குறிச்சிக்கு மெயின் ரோட்டில் நேராகப் போ என்று சொல்லிவிடும்.

மெயின் ரோட்டில்தான் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு போன் செய்தேன். பின்னால் ஒரே கோஷம்.

"ண்ணா, ஒரு ஆம்புலன்ஸ் வருது. உள்ள புள்ளத்தாச்சிப் பொண்ணு. வழி கெடைக்குமா?"

"இன்னா பாப்பா இப்டிக் கேக்கற? ஆம்புலன்ஸ நாங்க நிறுத்துவமா? நாங்க எழுந்துக்குவோம். ஆனா எங்களுக்கு முன்னாடி கரும்பு லோடு லாரிங்க வரிசையா நிக்குது. ஒண்ணு பின்னால ஒண்ணு மாட்டிக்கினு கீது. அது பின்னால வந்து சிக்குனா முன்னயும் போவ முடியாது, பின்னயும் போவ முடியாது. இந்தப் பக்கமே வுடாத."

சர்வர் நினைவில் வைத்திருந்த நிலவரப்படி அணை வாய்க்கால் ஓரமாகப் போகும் வழி திறந்திருந்தது. காலையில் அதில் போய்வந்த இன்னொரு டிரைவர் அப்படிச் செய்தி அனுப்பியிருந்தார். அந்தச் செய்தி அழிந்துபோகக் கூடாது. கையால் எழுதி வைத்து மறுபடி ஏற்றலாம் என்றால், பல மாவட்டச் சாலைகளை எழுதி முடிப்பதற்குள் பாதி மாறியிருக்கும்.

மெமரியைப் பற்றிய விவரங்களைத் திறந்தேன். வழக்கமாக நாங்கள் மேலோட்டமாக ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்போம். உள்ளே இரண்டு இருக்கின்றன. புரோகிராம் உண்மையிலேயே பயன்படுத்திக்கொண்டிருப்பது ஒன்று. சிஸ்டத்திடமிருந்து வாங்கி வைத்திருப்பது இன்னொன்று. கல்யாணப் பந்தியில் நடுநடுவே ஆட்கள் எழுந்து போய்விட, காலி இலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார இடம் தேடினால் கிடைக்காது. பரிமாறுகிறவர் புதிதாக ஒரு வரிசை போடுவார். அப்படித்தான் ஆகியிருந்தது. வாங்கி வைத்தது மட்டும் ஏறிக்கொண்டே போனது. பயன்பாட்டில் இருந்தது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அதாவது, நிறைய இடம் காலியாகத்தான் கிடந்தது.

காலி இடத்தைச் சிஸ்டத்திடம் திருப்பிக் கொடுக்க ஒரு கமாண்ட் உண்டு. அதைச் சோதனைக்காக வைத்திருந்த மெஷினில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருந்தோம். அங்கே ஒரு முறை புரோகிராம் அப்படியே உறைந்து, பிறகு மெதுவாக எழுந்தது. அப்படி உறைந்தால், சர்வரைக் கண்காணிக்கும் காவல் புரோகிராம் அது செத்துவிட்டதாக எண்ணித் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும். அதனால் முதலில் காவலை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு சர்வர் நிஜமாகவே செத்தால் எழுப்ப ஆள் கிடையாது.

டீம் லீடரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "லைவ்ல இது பண்ணதே இல்லையேம்மா" என்றார்.

"இல்ல சார்."

"எந்திரிக்கலன்னா?"

கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது. அவர் பெருமூச்சு விடுவது கேட்டது.

"பண்ணு. யாராவது கேட்டா நான் சொல்லித்தான் பண்ணேன்னு சொல்லு."

காவலை அணைத்தேன். கமாண்டை அடித்து என்டரைத் தட்டினேன்.

திரை உறைந்தது. கோடு அசையவில்லை, எண்கள் மாறவில்லை, மேப்பில் ஒரு வண்டியும் நகரவில்லை. வேண்டாத நேரத்தில் அந்த ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் கால் சென்டரிலிருந்து டிரைவரின் அழைப்பை எனக்குத் திருப்பிவிட்டார்கள்.

"மேடம், ரூட்டு வரல. சுத்திக்கினே கீது. மெயின்ல போய்டட்டுமா?"

"வேணாங்க. மெயின்ல லாரிங்க நிக்குது. கொஞ்சம் நில்லுங்க."

"நிக்கறதா? பின்னால அந்தப் பொண்ணு கத்திக்கினு கீது மேடம். நர்சம்மா சீக்கிரம் சீக்கிரம்ன்றாங்க. எப்டி நிக்கறது?"

வாய்க்கால் வழி திறந்திருந்ததை உறைவதற்கு முன் என் கண்ணால் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு அங்கே என்ன ஆனதோ தெரியாது. தவறாகச் சொல்லிவிட்டால் அந்தக் குறுகிய மண் பாதையில் வண்டியைத் திருப்பவும் முடியாது. என் பக்கத்தில் வந்து நின்ற அம்மா, நான் அழுகிறேனா என்று முகத்தைக் குனிந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "வாய்க்கால்..." என்று ஆரம்பிக்கும்போதே திரையில் ஒரு எண் மாறியது.

கோடு மளமளவென்று கீழே இறங்கியது. சிவப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து பச்சை. மேப்பில் வண்டிகள் மொத்தமாக ஒரு துள்ளுத் துள்ளி நகர ஆரம்பித்தன. அடைபட்ட சாலைகள் ஒன்றுகூட அழியாமல் அப்படியே இருந்தன.

"வந்துடுச்சு மேடம்! வாய்க்கா ரோட்டத்தான் காட்டுது. பாலத்தாண்ட ஏறிச் சுத்திப் போவ சொல்லுது. போறேன்" என்று டிரைவர் போனை வைத்துவிட்டார். அம்மா என் முதுகில் கையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். காவலைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும் என்பதே எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

வாய்க்கால் வழி மறியலைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் சின்ன வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றிருந்தன. அது எந்தச் செய்தியிலும் வரவில்லை; அங்கே சிக்கிய டிரைவர் மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. மறுபடியும் அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். போனைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறார். கோஷம் நின்று, பலர் ஓடும் செருப்புச் சத்தமும், "டேய், பைக்க தூக்குடா, ஆட்டோவ தள்ளுடா" என்ற கூச்சலும் கேட்டன. பிறகு சைரன் சத்தம் பக்கத்தில் வந்து, தூரமாகப் போனது.

மதியம் அந்த டிரைவரே கால் சென்டரில் சொல்லி என்னிடம் பேசினார். "பொம்பளப் புள்ள மேடம். கழுத்துல கொடி சுத்திக்கினு இருந்துச்சாம். டாக்டரம்மா நேரத்துக்குக் கொண்ணாந்துட்டீங்கன்னு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த கேட்டுக்குவீங்களேன்னுதான் போட்டேன்." உடனே டீம் லீடருக்குச் சொன்னேன். "ரோடு பிளாக்க சேவ் பண்ற புரோகிராம இன்னைக்கே எழுதிடலாம்" என்றார். எழுதினோம்.

சாயங்காலம் அண்ணன் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். "அந்தப் பொண்ணு மூஞ்சியக்கூடப் பாக்கல பாப்பா. ஜன்னல்ல ஒரு கையி மட்டும் தெரிஞ்சிது. கம்பிய அப்டிப் புடிச்சிக்கினு இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை சர்வர்களை ரீஸ்டார்ட் செய்திருக்கிறேன். பெரும்பாலும் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் அன்றிலிருந்து, அதைச் செய்வதற்கு முன் ஒரு கணம் கையை நிறுத்தி, இது நின்றுபோனால் இந்த நேரத்தில் எந்த மலையடிவாரத்தில் யார் வழி தெரியாமல் நிற்பார்கள் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் இருந்ததில்லை.