என் குழுவில் என்னை மறுத்த ஒரே ஆள்

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். கணினிச் சந்தேகங்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினேன். அதில் எல்லோரும் என் பழைய மாணவர்கள்.

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஜெசிந்தா, தன் ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். டிஸ்க்கின் பிழை திருத்தும் மென்பொருளை முழுதாக ஓடவிடச் சொன்னேன்.

"வேண்டாம் சார், ஓட ஓட டிஸ்க் இன்னும் கெட்டுரும், உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்று எழுதினான் செல்வம். சமயநல்லூரில் கணினி பழுதுபார்ப்பவன். எல்லோர் முன்னாலும் என்னை மறுத்துவிட்டானே என்ற ஆத்திரத்தில் அவனைக் குழுவிலிருந்து நீக்கினேன். "சார் சொன்னா சரிதான்" என்றார்கள் மற்றவர்கள்.

நான் சொன்னபடி ஓடவிட்டதில் மறுநாள் டிஸ்க் செத்துப்போனது. நான்கு ஆண்டு ஆய்வும் அதில்தான் இருந்தது.

"அம்புட்டும் போச்சு சார். வேற ஆளா இருந்தா நல்லாத் திட்டியிருப்பேன்" என்று அழுதாள்.

என் யோசனை தவறென்று தெரிந்தே தலையாட்டியதாக இருவர் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அவர்கள்மேல் கோபம் பொங்கியது. அவர்களை அப்படிப் பழக்கிய என்மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன், குழுவையும் கலைத்துவிட்டேன். இப்போது எந்தத் தொழில்நுட்பக் குழுவில் சேர்ந்தாலும், 'தப்பு' என்று சொன்னவர் மறுநாளும் அங்கே இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.