கல்லூரி ஏஜென்டின் அலுவலகத்தில் முழங்காலிட்டேன்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற சகோதர சகோதரிகளுக்கு,

என் மகள் ரூபி பிளஸ் டூ முடித்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் நான் துணி சுருட்டுகிறேன். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளை இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டாள், நல்ல மார்க்கும் வைத்திருந்தாள். ஆனால் எந்தக் கல்லூரி நல்லது, பணத்துக்கு என்ன வழி என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. வழி தெரிந்த ஒருவரை அனுப்பும் ஆண்டவரே என்று தினமும் அழுதேன்.

அந்த வாரமே ஒருவர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அலுவலகம் வைத்து, பிள்ளைகளைக் கல்லூரிகளில் சேர்த்துவிடுகிற ஏஜென்ட். பெயர் வேண்டாம். அரசாங்கக் கலந்தாய்வுக்கு அவரே ஆன்லைனில் பதிவு செய்து கொடுத்தார். ரேங்க் வந்த பிறகு பேச்சு மாறியது.

"அக்கா, இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்ல ஒண்ணும் கெடைக்காது. எனக்குத் தெரிஞ்ச காலேஜ்ல சீட் வாங்கித் தாரேன். திங்கக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டிருங்க. பொறவு என்னையக் கேக்கப்பிடாது."

வீட்டுக்காரர் லோடு ஆட்டோவை விற்க ஆள் பார்த்துவிட்டார். வண்டி போனால் சோற்றுக்கு வழியில்லை என்று தெரிந்தும்தான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து சாட்சி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கர்த்தர் அனுப்பிய மனிதர் என்று அந்த ஏஜென்டைப் புகழ்ந்தேன். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். நன்றி சொல்வதிலும்தான்.

ஆராதனை முடிந்ததும் பிரிசில்லா ஓடி வந்தாள். நம் சபைப் பிள்ளை, மதுரையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "அத்தை, ரூபி ஆறாவதுலருந்து கவர்மென்ட் ஸ்கூல்தான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கடைசி பெஞ்சில் எங்களை உட்கார வைத்து, போனில் கலந்தாய்வு இணையதளத்தைத் திறந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தனி ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரூபியின் பெயர் இருந்தது. அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும் என்றாள். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்த மார்க் வரை எடுத்தார்கள் என்பதும் அதே இணையதளத்தில் இருந்தது. ரூபியின் மார்க்குக்கு நல்ல கல்லூரிகளே கிடைக்கும் போலிருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏஜென்ட் மேல் கோபம்தான் வந்தது.

"லாகின் யாருகிட்ட இருக்கு, அத்தை?"

ஏஜென்டிடம். பாஸ்வேர்டு அவர் போட்டது. பதிவில் இருந்த போன் நம்பரும் அவருடையது. பாஸ்வேர்டை மாற்ற ஒரு ஓ.டி.பி., தேர்ந்தெடுத்த கல்லூரிகளை உறுதி செய்ய இன்னொரு ஓ.டி.பி., இரண்டும் அவர் போனுக்குத்தான் போகும். திங்கட்கிழமை மாலை ஐந்து மணியோடு ரூபியின் சுற்றில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரம் முடிகிறது.

திங்கட்கிழமை காலையிலிருந்து அவர் போனை எடுக்கவே இல்லை. மதியம் நானும் வீட்டுக்காரரும் ரூபியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஆண்டவர் பெயரைச் சொல்லி ஊரறிய அந்த ஆளைப் புகழ்ந்துவிட்டேனே என்ற வெட்கம்தான்.

அலுவலகத்தில் பிள்ளைகளோடு நாலைந்து குடும்பங்கள் காத்திருந்தன. நாங்கள் கேட்டதும், "ஓ.டி.பி.யா? எனக்கு எதுவும் வரலையே" என்றார். ரூபி தன் போனில் பாஸ்வேர்டை மாற்றும் பட்டனை அழுத்தினாள். மேசையில் இருந்த அவர் போன் சத்தம் போட்டது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

அப்போது என் நாக்கு நுனி வரை வந்த வார்த்தைகளை நம் சபை இதழில் அச்சடிக்க முடியாது. வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று தெரிந்தது. அப்படியே தரையில் முழங்காலிட்டேன். எனக்கு மெல்ல ஜெபிக்கத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும்.

"ஆண்டவரே, என் பிள்ளை ஓ.டி.பி. இந்தத் தம்பி போன்ல வந்து கெடக்கு. அவர் மனசைத் திருப்பும். இங்க இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வழியத் திறந்துவிடும்."

"எந்திரி, கிரேஸ். எல்லாரும் பாக்காக" என்று வீட்டுக்காரர் தோளைத் தொட்டார். நான் எழவில்லை. காத்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "எங்க பயலுக்கும் இவிய நம்பர்தான் போட்டிருக்கு. அதுல என்ன இருக்கு?" என்று ரூபியிடம் கேட்டார். மற்றவர்களும் எழுந்து வந்தார்கள்.

ஏஜென்டின் முகம் வெளுத்தது. "எக்கா, எந்திரிங்க. சொல்லுதேன்" என்று போனைத் திருப்பி எண்ணை வாசித்தார். ரூபி பாஸ்வேர்டை மாற்றி இணையதளத்துக்குள் போய்விட்டாள். பிரிசில்லா எழுதிக் கொடுத்திருந்த வரிசைப்படி கல்லூரிகளைப் போட்டாள். நெட் நின்று நின்று வந்தது. இரண்டாவது ஓ.டி.பி. வரும்வரை நான் தரையை விட்டு எழவில்லை, ஜெபத்தையும் நிறுத்தவில்லை. அதையும் அவர் வாசித்தார். ஐந்து அடிக்கச் சில நிமிஷங்கள் இருந்தபோது, "அம்மா, காலேஜ் லிஸ்ட் லாக் ஆயிருச்சு" என்றாள் ரூபி. அதன் பிறகுதான் அழுதேன்.

ரூபி கேட்ட கல்லூரியே கிடைத்தது. கட்டணத்தை அரசாங்கம் கட்டுகிறது. லோடு ஆட்டோ இன்றும் எங்கள் வாசலில் நிற்கிறது. இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவள் முதல் செமஸ்டரில் தேறிய பிறகே இதை எழுதுகிறேன்.

அன்று நான் அந்தத் தவறான சாட்சியைச் சொல்லாமல் இருந்திருந்தால் பிரிசில்லா என்னிடம் எதுவும் கேட்டிருக்க மாட்டாள். என் அவசர வாயையும் ஆண்டவர் பயன்படுத்திக்கொண்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா? பயப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கடைசி பெஞ்சுக்கு வாருங்கள். ரூபி ஊருக்கு வந்திருந்தால் போனோடு அங்கேதான் இருப்பாள். பதிவு செய்யும்போது மட்டும் உங்கள் சொந்த நம்பரைப் போடுங்கள். உங்கள் ஜெபத்துக்கு வருகிற பதில் வேறொருவர் போனில் போய் விழ வேண்டாம்.