சுவருக்கு அந்தப் பக்கம்

பல வருஷம் கழித்துச் செல்வி போனில் கிடைத்தாள். பேச்சின் நடுவே அவள் பக்கம் எஸ்டேட் சங்கு ஊதியது.

எழுபதுகளில் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். விடியலில் சங்கு ஊதியதும் அவள் அம்மா சுவரைத் தட்டுவாள்; என் அம்மா திருப்பித் தட்டுவாள். பிறகுதான் அடுப்புப் புகையும் கட்டன்சாயா மணமும் எழும்.

அவள் அம்மா இறந்ததும் செல்வி எட்டாம் வகுப்போடு கூடையை எடுத்தாள். வீட்டில் ஒருவராவது கொழுந்து பறித்தால்தான் லயத்தில் இருக்க விடுவார்கள். மறுநாள் விடியலில் சுவரைத் தட்டியது அவள்தான். நான் பள்ளிக்கூடம் போனேன்.

"பிள்ளைக என்ன செய்யுதாங்க?" என்று போனில் கேட்டேன்.

"ரெண்டும் திருப்பூர்ல. கொழுந்தெடுக்க வரமாட்டாங்களாம். அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்டு. வீட்ட ஒப்படைக்கணும்ட்டி."

"எங்க வீட்டுல இப்ப யாரு?"

"யாருமில்ல, பூட்டித்தான் கெடக்கு. காலைல சங்கு ஊதுனா நான் இன்னமும் தட்டத்தான் செய்யுதேன்."