ஜன்னலோரம் போன நாற்காலி

என் தம்பி மனைவிக்கு எங்கள் குடும்பத்தில் அளவுகாரி என்று பெயர். மரச்சாமான் கடையில் வேலை. சோபா வாங்குகிறவர்களின் வீட்டுக்குப் போய் ஹாலை அளந்து, எது எங்கே நிற்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பாள். வரைவதற்கு முன் தரையில் காகித டேப் ஒட்டி, வரப்போகும் சோபா எவ்வளவு இடம் பிடிக்கும் என்று காட்டுவாள். முழங்கால் இடிக்காமல் இரண்டு பேர் கடந்து போக முடிந்தால்தான் அந்தச் சோபாவுக்குச் சம்மதிப்பாள்.

வேலையில் கெட்டிக்காரி. ஆனால் சந்தேகப் பிராணி. எந்த வீட்டுக்குப் போனாலும் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று நோட்டம் விடுவாள். வெளியே வந்ததும் எனக்குப் போன்.

"அந்த வீட்டு மாமியார் வாசலைப் பாத்தே உக்காருது அண்ணி. மருமக வர்ற போற கணக்கைப் பாக்குது."

இன்னொரு நாள், "அந்தாளு நாற்காலி மெல்ல மெல்ல மூலைக்குப் போயிடுச்சு. சொல்லாம நாற்காலியை நகத்துறவன், மனசால வீட்டை விட்டுப் பாதி போயிட்டான்னு அர்த்தம்."

சில நேரம் அவள் சொன்னது அப்படியே நடந்தும் இருக்கிறது. அதுதான் வம்பு.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணி, உங்க தம்பி நாற்காலியை நகத்துறாரு."

அவர்கள் ஹாலில் சோபாவுக்கு இடது பக்கம் அவன் நாற்காலி. அவள் போட்ட திட்டம், பல வருடமாக மாறாதது. இப்போது அவள் கடைக்குக் கிளம்பியதும் அதைத் தூக்கிச் சோபாவின் மறுபக்கம், ஜன்னலோரம் போட்டுக்கொள்கிறானாம். இவள் வந்து பழைய இடத்தில் வைப்பாள். மறுநாள் திரும்ப ஜன்னலோரம். இருவரும் வாயைத் திறப்பதில்லை. பழைய இடத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டியே வைத்துவிட்டாள், திருடனுக்குக் கண்ணி வைத்த மாதிரி.

"ஜன்னலுக்கு நேரா அந்தத் தையல்காரி வீடு. புதுசா குடி வந்திருக்கா. நான் பேசினா இவர் பதிலே சொல்றதில்ல. நானும் நிறுத்திட்டேன். சனிக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல."

என் தம்பி உத்தமன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முதியவர்களை வீட்டோடு இருந்து கவனிக்கும் பயிற்சி எடுத்து அதிலேயே காலம் தள்ளியவள் நான். யார் எதை மறைப்பார்கள் என்று சொல்ல முடியாது. மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், காதல் கடிதத்தை ஒளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். போனேன்.

தம்பி குளித்துக்கொண்டிருந்தான். அவள் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள். நான் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே ஜன்னலின் கீழ்ச்சட்டம். அதற்கு மேலே வானமும் ஒரு மின்கம்பியும். எதிர்வீட்டைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும்.

"இதுல உக்காந்து பாத்தியா?" என்று அவளைக் கேட்டேன்.

"அதுல நான் எதுக்கு உக்காரணும்?"

"ஊரான் வீட்டு நாற்காலியை எல்லாம் நோட்டம் விடுறவதானே நீ."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப எந்திரிச்சு நின்னு பாக்கிறாரு."

நாற்காலியைப் பழைய இடத்துக்கே, டேப் கோட்டுக்குள் இழுத்துப் போட்டேன். தம்பி வந்து பேப்பரோடு அதில் உட்கார்ந்தான். நான் சோபாவில், அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவளும் அதே பக்கம், சமையலறை வாசலில் நின்றாள்.

மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே குரலை உயர்த்தாமல் சொன்னேன். "உன் பொண்டாட்டி சனிக்கிழமை உன்னை விட்டுட்டுப் போறா."

அவன் பக்கத்தைப் புரட்டினான்.

"பாத்தீங்களா, அசையுறாரா பாருங்க" என்றாள் அவள். அதற்கும் அசையவில்லை.

எழுந்து அவனுக்கு இடப்பக்கம் போய் நின்று, அதையே அதே குரலில் சொன்னேன். பேப்பர் மடியில் விழுந்தது.

"யாரு சொன்னா அக்கா?"

வலது காது. மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லையாம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் உட்காரும் சோபா இடது பக்கம் வருகிறது. அவள் பேசுவது கேட்கும் என்று மாற்றியிருக்கிறான். அவன் மாற்றியதைப் பார்த்து அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

"வாய்ல சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"செவிடுன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. இவ வேற கடை முழுக்கச் சொல்லிடுவா."

"அப்ப அந்தத் தையல்காரி?" என்றாள் அவள்.

"எந்தத் தையல்காரி?"

"தெரியாத மாதிரி கேக்குறாரே, இது கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று என்னைப் பார்த்தாள்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க" என்றேன். "ஒரு காது திடீர்னு போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும். இவன் நாற்காலியைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கான்."

சனிக்கிழமை அவள் மகள் வீட்டுக்குப் போகவில்லை. அவனை இழுத்துக்கொண்டு காது மருத்துவரிடம் போனாள். காலம் கடந்துவிட்டது, கேட்கும் கருவிதான் வழி என்று அவர் சொல்லிவிட்டார். மாலையில் எனக்குப் போன் வந்தது. குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"அண்ணி, அந்த டாக்டர் இவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சவரா?"

"இல்லை" என்றேன். அதை நான் முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தேன்.