பேச்சித்தாய் கையை நீட்டவில்லை

பேச்சித்தாய் வாயில்லாப் பூச்சி என்று நம்பித்தான் முருகம்மாள் அவளை மருமகளாக எடுத்தாள். நல்ல கூத்து! சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் அத்தனை இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகின தொண்டை அது.

புருசன் சிவனாண்டிக்குப் பம்பாயில் வேலை. எழுபத்தெட்டில் ஆடித்தபசுக்கு வந்துவிட்டுப் போனான். புரட்டாசியில் அவள் வயிறு ஆறு மாசம்போல முன்னால் நின்றது. முருகம்மாள் விரல்விட்டு எண்ணினாள். கணக்கு உதைத்தது. நேரே தெருக்குழாயடிக்குப் போனாள்.

"எம்மவன் வந்துபோயி மூணு மாசம் முடியலை. இது யாரு பிள்ளையோ?"

பேச்சித்தாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுநாள் காலை மாமியார் கையைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினாள். "வாங்க அத்தை. டாக்டரம்மா சொல்லுததை உங்க காதால கேளுங்க."

பாளையங்கோட்டை டாக்டரம்மா வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிள்ளைக்கு மூன்று மாசம்தான். பக்கத்தில் சினைப்பையில் ஒரு கட்டி, தேங்காய்த் தண்டிக்கு. கர்ப்பத்தோடு இப்படி வருவது அபூர்வம், முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்றாள்.

முருகம்மாள் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையக் கலைச்சிட்டு இவளக் காப்பாத்துங்கம்மா."

பேச்சித்தாய் குறுக்கே விழுந்தாள். "கலைக்கவா? பிள்ளை போச்சுன்னா பழி எந்தலையில நின்னுபோகும். கள்ளப்பிள்ளையக் கலைச்சான்னுல்ல ஊரு பேசும்! ரெண்டும் பிழைக்க வழி சொல்லுங்கம்மா."

"நாலாம் மாசம் ஆபரேசன் பண்ணினா பிள்ளை தங்கலாம். உறுதி சொல்ல முடியாது."

"பண்ணுங்க. என் வயிறு, நானே கைநாட்டு வைக்கேன்."

ஐப்பசியில் கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. தையல் காய்கிறவரை, பிள்ளை நிற்குமா நிற்காதா என்று பேச்சித்தாய் பயந்து செத்தாள். ஒருநாள் உள்ளே துடித்தது. அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

தை மாசம் வளைகாப்பு. ஆஸ்பத்திரியில் மாமியார் கட்டிலடியிலேயே கிடந்து பார்த்தவள்தான், கஞ்சி ஊட்டினவள்தான். ஆனால் குழாயடியில் சொன்ன சொல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடியிருக்க, முதல் வளையலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பேச்சித்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது யாரு பிள்ளை அத்தை?"

முருகம்மாள் தலைகுனிந்து என்னவோ முணுமுணுத்தாள்.

"குழாயடியில சத்தமாத்தான சொன்னீங்க?"

முருகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிமிர்ந்து, தெருமுனை வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எம்மவன் பிள்ளை! பாவி நான், கட்டியப் பிள்ளைன்னு எண்ணிட்டேன்!"

பேச்சித்தாய் அதற்கப்புறம்தான் கையை நீட்டினாள்.