பருப்பு வேகும்வரை ஓட்டம்

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில். குடிக்கவும் சமைக்கவும் ஓடைத் தண்ணீர்தான். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓட ஆரம்பித்தபோது, மலைமேல் மரத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டார்கள். அந்தச் சாம்பலெல்லாம் ஓடையில் இறங்கித் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயந்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் அல்ல அவள். வருஷா வருஷம் பொங்கல் கழிந்த மறுவாரம் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

சோதனை என்றால் துவரம்பருப்பை வேகவைப்பதுதான். நல்ல தண்ணீரில் பருப்பு சீக்கிரம் மலரும், கெட்டதில் கல்லாய்க் கிடக்கும். வீட்டில் கடிகாரம் கிடையாது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. பருப்பு உலையில் விழுந்ததும் நான் வாசலிலிருந்து புளியமரத்துக்கு ஓடித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கொட்டாங்கச்சியில் போட வேண்டும். பருப்பு மசிந்ததும் அம்மா கொட்டைகளை எண்ணி, சமையலறைச் சுவரில் அத்தனை கரிக்கோடு இழுப்பாள்.

அவள் கறாரைச் சொல்லி மாளாது. அதே சட்டி, அதே அடுப்பு, அதே ஒரு பிடி பருப்பு, விறகுகூட வேலமரம்தான். அக்கா ஒருமுறை தானும் ஓடுவதாகக் கேட்டாள். "அவ காலு வேற, உன் காலு வேற. கணக்கு கெட்டுப்போவும், நீயே ஓடு" என்று அம்மா என்னைத்தான் விரட்டினாள். தாசில்தார் ஆபீசில்கூட இத்தனை கறார் கிடையாது என்று அப்பா கிண்டல் செய்வார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. முதல் வருஷம் எனக்கு ஆறு வயது. பாதி வழியில் முள் குத்தி அழுதேன். அடுத்த வருஷம் கோடுகள் கூடின. அதற்கடுத்த வருஷம் இன்னும் கூடின. தண்ணீரில் அப்படி என்னதான் கலக்கிறது என்று ஓடைக்குப் போய்க் குனிந்து குனிந்து பார்த்தேன். மீன் குஞ்சும் கூழாங்கல்லும் முன்போலவே தெரிந்தன. நாக்கில் வைத்தாலும் அதே ருசி. கண்ணுக்குத் தெரியாததைச் சுவர் காட்டிக்கொடுக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

நாலாம் வருஷம் கொட்டாங்கச்சி நிரம்பி வழிந்தது. அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக் கோடு போட்டாள். தம்பி அப்போது தவழ்கிற குழந்தை. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய் நின்றாள்.

"பருப்பே வேவாத தண்ணி, இந்தப் புள்ள வவுத்துல போயி என்னாங்க பண்ணும்?"

அப்பா அந்த வருஷம்தான் எங்கள் நிலத்தில் பாறையை உடைத்து ஆழமாகக் கிணறு வெட்டியிருந்தார். அம்மா அந்தத் தண்ணீரிலும் பருப்பைப் போட்டுப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்குவதற்குள் பருப்பு பூவாய் மலர்ந்துவிட்டது. அன்றோடு ஓடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது நின்றது. அம்மா என் கால்களைத் தடவிக்கொடுத்து, ஒரு வெல்லக்கட்டியும் கொடுத்தாள்.

தம்பிக்குப் பால்பல் விழுந்து முளைத்த பல்லெல்லாம் பழுப்பு. பல் தேய்க்காத சோம்பேறி என்று அவனைப் பிடித்து உட்காரவைத்து, ஈறில் ரத்தம் வரும்வரை செங்கல்பொடியால் தேய்த்தவள் நான். என் பல் வெள்ளையாக இருப்பது என் சமர்த்து என்றே நினைத்தேன். கிணற்றுப் பாறையிலிருந்து ஊறி வந்த ஏதோ ஒன்றுதான் அவன் பல்லில் ஏறியது என்று தர்மபுரி டாக்டர் ஒருவர் சொன்னபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது.

ஓடையின் கணக்கு அதற்கும் பிறகுதான் விளங்கியது. ஒரு பொங்கலுக்கு என் மகள் அதே புளியமரத்துக்கு ஓடினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு தத்தித் தத்திப் போனவள், அன்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலில் வந்து நின்றாள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று அந்த நாலு வருஷத்து என் வயதை விரல்விட்டு எண்ணினேன்.

சட்டியையும் அடுப்பையும் விறகையும் அம்மா மாறாமல் பார்த்துக்கொண்டாள். வருஷத்துக்கு வருஷம் நான் வளர்ந்துகொண்டிருந்தது மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தம்பி இன்றும் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறான்.