வாசலைப் பார்த்த கப்பல்

பிள்ளைகளா, மாரண்டஹள்ளி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு உங்களைக் கூட்டிப்போகவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். அப்பா ஒட்டிய டைல்ஸ் படத்தைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். நடந்ததைக் கேளுங்கள்.

இருபது டைல்ஸ் சேர்ந்தால் ஒரு படம். ஏதோ வெளிநாட்டுத் தீவில் அந்தக் காலத்தில் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவாம். ராட்டினங்கள், கூடாரங்கள், ஆட்களை ஏற்றி வரும் ஒரு கப்பல். ஹால் சுவரில் நூல் பிடித்து, கோடு விலகாமல் ஒட்டினேன். கப்பல் இருந்த டைல் ஒன்றுதான் பாக்கி. அதைச் சுவரில் வைத்துப் பார்த்தபோது வீட்டுக்காரரோடு வாஸ்துக்காரர் வந்தார்.

“கப்பல் வாசலைப் பாத்துப் போகுதுங்க. கூடவே லட்சுமியும் போயிருவாங்க. அதைத் திருப்பி ஒட்டச் சொல்லுங்க.”

“திருப்புனா கப்பல் கவுந்துருங்க,” என்றேன்.

தக்காளி மண்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர் கப்பலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். “கவுந்தாலும் நம்ம வூட்டுக்குள்ளதான கவுருது. ஒட்டுங்க மேஸ்திரி.”

ஒட்டினேன்.

விழாவன்று விருந்தாளி ஒருவர், “என்னங்க, கப்பல்ல சனமெல்லாம் தலைகீழாத் தொங்குது?” என்று கேட்டார்.

“வெளிநாட்டுக்காரங்க அப்படித்தான் வெளையாடுவாங்க,” என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

ஒட்டியது யார் என்று அடுத்துக் கேட்பார்களே என்று நான் பந்தலுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். நீங்கள் வந்திருந்தால், “எங்க அப்பாதான்” என்று முந்திக்கொண்டு சொல்லியிருப்பீர்கள்.

எல்லோரும் பந்திக்குப் போனதும் ஹாலுக்குள் போனேன். சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே பார்த்தேன். கப்பல் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.